வெப்பம் கூடினால் விளைச்சல் ஏன் குறைகிறது? நெல்லை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

பூமி சூடாகிறது என்று பேச்சு வந்தால் பனிமலை உருகுவதும் கடல் மட்டம் உயர்வதும்தான் முதலில் வருகின்றன. வயலில் நிற்கும் பயிருக்குள் அதே சூடு என்ன செய்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விவசாயிகளும் வேளாண்மை படிக்கும் மாணவர்களும் அடிக்கடி கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நாம் அதிகம் விளைவிப்பதும் அதிகம் உண்பதும் நெல் என்பதால் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

வெயில் நன்றாக அடித்தால் ஒளிச்சேர்க்கை கூடும், விளைச்சலும் கூடும் என்றுதானே படித்தோம்?

ஒளியும் சூடும் சேர்ந்தே வருவதால் எழும் குழப்பம் இது. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டியது ஒளி. சூடு ஓர் அளவு வரை உதவும், அதைத் தாண்டினால் கெடுக்கும். நெல், கோதுமை, நிலக்கடலை, உளுந்து, பருத்தி போன்றவற்றின் இலைகள் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வாக்கில் நன்றாக வேலை செய்கின்றன. அதற்கு மேல் போகப் போக வேகம் தளர்கிறது. 40ஐத் தாண்டினால் மளமளவென்று இறங்குகிறது.

மேகமில்லாத வானம், மிதமான பகல், குளிர்ந்த இரவு. இந்த மூன்றும் சேர்ந்த நாட்களில்தான் நெல் நன்றாகச் சேர்த்து வைக்கிறது. டிசம்பர், ஜனவரியில் விதைக்கும் நவரைப் பட்டத்தில் பிப்ரவரி மாதம் அப்படிப்பட்டது.

இலைக்குள் சூடு எங்கே கை வைக்கிறது?

ரூபிஸ்கோ என்ற நொதியில். காற்றிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையில் முதல் படி இதனுடையது. பச்சை இலையில் இருக்கும் புரதத்தில் பெரும்பங்கு இதுதான். இத்தனை முக்கியமான நொதிக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது: கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். 25 டிகிரியிலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு முறை இப்படி நடக்கிறது. அப்போது உருவாகும் பொருள் செடிக்கு உதவாது. அதை மீண்டும் பயனுள்ளதாக மாற்ற ஆற்றல் செலவாகிறது. ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பகுதியும் வெளியேறிவிடுகிறது. இதைத்தான் ஒளிச்சுவாசம் என்கிறோம்.

சூடு ஏறும்போது இந்த இழப்பு கூடுவதற்கு இரண்டு காரணங்கள். இலைக்குள் இருக்கும் நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைவது, ஆக்சிஜன் கரைவதைவிட வேகமாகக் குறைகிறது. அத்தோடு, இரண்டையும் பிரித்தறியும் திறன் ரூபிஸ்கோவுக்கே மங்குகிறது.

இன்னொரு பலவீனமும் உண்டு. ரூபிஸ்கோவை வேலைக்குத் தயார் நிலையில் வைத்திருக்க ஆக்டிவேஸ் என்ற துணைப் புரதம் வேண்டும். ரூபிஸ்கோ 50 டிகிரியைக்கூடத் தாங்கும். ஆனால் இந்தத் துணைப் புரதம் பல பயிர்களில் 35 டிகிரியைத் தாண்டியதும் தளர ஆரம்பிக்கிறது. அது தளர்ந்தால் ரூபிஸ்கோ இருந்தும் வேலை ஓடாது. இன்னும் சூடேறி இலை 45 டிகிரியை நெருங்கினால், ஒளியைப் பிடிக்கும் சவ்வுகளே சேதமாகத் தொடங்குகின்றன.

இந்தக் கடைசி நிலைக்குப் போகாத வரை இலை தேறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். நண்பகலில் சோர்ந்த ஒளிச்சேர்க்கை, சூடு தணிந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. பூவுக்கு இந்த வசதி கிடையாது. விளைச்சல் இழப்பின் பெரிய பகுதி அங்கேதான் இருக்கிறது; கீழே தனியாகச் சொல்கிறேன்.

கம்பு, சோளம், கரும்பு எல்லாம் வெயிலைத் தாங்குகின்றனவே, எப்படி?

அவை சி4 வகைப் பயிர்கள். இலையின் வெளிப்பகுதியில் இருக்கும் செல்கள் வேறொரு நொதியால் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள உள்செல்களுக்கு அனுப்புகின்றன. அங்கே அது அடர்ந்து நிற்பதால் ரூபிஸ்கோ ஆக்சிஜனைப் பிடிக்க வாய்ப்பு மிகக் குறைவு. கரும்பு இலையில் இந்த வழியைத் தெளிவாகக் கண்டுபிடித்து 1966இல் வெளியிட்டவர்கள் ஆஸ்திரேலியாவின் ஹேட்ச், ஸ்லாக் இருவரும். கேழ்வரகு, சாமை, வரகு, மக்காச்சோளம் எல்லாம் இதே கூட்டம்தான். இவற்றின் இலைகள் 35 டிகிரியைத் தாண்டியும் நன்றாக வேலை செய்யும்.

அதனால் சி4 பயிருக்கு வெப்பத்தால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க மாவட்ட அளவிலான விளைச்சல் கணக்குகளை ஷ்லெங்கர், ராபர்ட்ஸ் என்ற இருவர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். மக்காச்சோள விளைச்சல் 29 டிகிரி வரை ஏறுகிறது. அதைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் கடுமையாகச் சரிகிறது. இலை தாங்கும் சூட்டில் விளைச்சல் ஏன் விழ வேண்டும்? சூடான காற்று செடியிலிருந்து தண்ணீரை அதிகமாக இழுக்கிறது. செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. கதிரில் பட்டு நூல் வெளிவருவதும் மகரந்தம் உதிர்வதும் நேரம் தவறிப்போகின்றன. இலையின் தாங்குதிறனை மட்டும் வைத்துப் பயிரின் தாங்குதிறனைக் கணித்துவிட முடியாது.

நெல் எத்தனை டிகிரி வரை தாங்கும்?

எந்தப் பருவத்தில் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். தூர் கட்டும் பருவத்தில் 38 டிகிரி வந்தாலும் தண்ணீர் இருந்தால் நெல் சமாளித்துவிடும். பூக்கும் நேரத்தில் அதே சூடு வந்தால் விளைச்சலே போகும்.

செய்தியில் சொல்லும் வெப்பநிலை, நிழலில் ஆளுயர அளவில் காற்றை அளந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். தண்ணீர் உள்ள வயலில் இலை அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கலாம். காய்ந்த வயலில் சில டிகிரி கூடுதலாகவும் இருக்கலாம்.

பூக்கும்போது சூடு வந்தால் என்ன ஆகிறது?

நெற்பூ ஒன்று தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் திறக்கும். காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்கி நண்பகலுக்குள் திறந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அந்தக் குறுகிய நேரத்தில் மகரந்தப்பை வெடிக்க வேண்டும், மகரந்தம் சூல்முடியில் விழ வேண்டும், முளைக்க வேண்டும். உதிர்ந்த நெல் மகரந்தத்தின் உயிர்ப்பு சில நிமிடங்கள்தான்.

அந்த நேரத்தில் பூவின் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப்பை சரியாக வெடிப்பதில்லை. விழும் மகரந்தமும் முளைப்பதில்லை. பூவின் வெப்பநிலை 33.7 டிகிரியைத் தொட்டு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நீடித்தாலே சில ரகங்களில் மலட்டுத்தன்மை வருகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. கருவுறாத பூ, பதராகத்தான் நிற்கும். கதிர் பார்ப்பதற்கு நீளமாக, நிமிர்ந்து, அழகாக இருக்கும். கையில் பிடித்துப் பார்த்தால் பாதி கருக்காய். மாதக்கணக்கில் உழைத்த விவசாயிக்கு அறுவடை அன்றுதான் நஷ்டத்தின் அளவு தெரிகிறது. இது எவ்வளவு கொடுமை என்பது அந்தத் தூற்றும் களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

கதிர் வெளிவருவதற்குச் சுமார் பத்து நாள் முன்பு, மகரந்தம் உள்ளே உருவாகும் கட்டமும் இதேபோல் மென்மையானது. ஒரு கதிரில் எல்லாப் பூக்களும் பூத்து முடிய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். வெப்ப அலை இரண்டு நாளில் தணிந்தால் ஒரு பகுதி தப்பிக்கும். வாரம் முழுக்க நீடித்தால் தப்ப வழியில்லை.

பகலைவிட இரவுச் சூடுதான் ஆபத்து என்கிறார்களே?

நெல்லைப் பொறுத்தவரை இதற்கு வலுவான சான்று இருக்கிறது. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், தன் பண்ணையில் 1979 முதல் 2003 வரை பதிவான வெப்பநிலையைப் பார்த்தது. பகல் உச்ச வெப்பநிலை 0.35 டிகிரி கூடியிருந்தது. இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலையோ 1.13 டிகிரி கூடியிருந்தது. 1992 முதல் எடுத்த விளைச்சல் கணக்கோடு ஒப்பிட்டபோது, வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. நல்ல பராமரிப்பு, போதிய தண்ணீர், உரம் எல்லாம் இருந்த வயல்களிலேயே இந்த நிலை.

காரணம் என்ன? செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் சேர்த்த சர்க்கரையை எரித்துத்தான் உயிர் வாழ்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை, செலவு மட்டும்தான். ஆனால் சுவாசம் ஒன்றே முழுக் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. சூடான இரவில் மாவுச்சத்து சேர்க்கும் நொதிகளின் வேலை மாறுவது, மகரந்தம் பாதிக்கப்படுவது, மணி நிரம்பும் நாட்கள் குறைவது எல்லாம் சேர்ந்து வருவதாகப் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன.

உலகின் பல பகுதிகளில் இரவுகள் பகலைவிட வேகமாகச் சூடாகி வந்திருக்கின்றன. நாமோ வெயில் எத்தனை டிகிரி என்று மட்டுமே பேசுகிறோம். வானிலை அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலை என்று ஒரு வரி வரும். விவசாயிகள் அதையும் குறித்து வைக்கத் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கார்பன் டை ஆக்சைடு கூடினால் பயிருக்கு நல்லதுதானே?

பாதி உண்மை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நெல், கோதுமை போன்றவற்றில் ரூபிஸ்கோ ஆக்சிஜனைப் பிடிப்பது இதனால் குறையும், ஒளிச்சேர்க்கை கூடும். திறந்த வயலில் குழாய் வழியே இந்த வாயுவை விட்டுச் செய்த சோதனைகளிலும் விளைச்சல் கூடியது.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலைகள் இரண்டு. கார்பன் டை ஆக்சைடு தாராளமாகக் கிடைத்தால் செடி இலைத்துளைகளைக் கொஞ்சம் மூடிக்கொள்ளும். தண்ணீர் மிச்சமாகும், சரி. அதே சமயம் ஆவியாதல் குறைந்து இலையும் கதிரும் கூடுதலாகச் சூடேறும். பூக்கும் நேரத்தில் அது பதரைக் கூட்டும். அடுத்தது, சத்து. ஜப்பானிலும் சீனாவிலும் 18 நெல் ரகங்களை வைத்துச் செய்த சோதனை 2018இல் வெளியானது. இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிர்பார்க்கப்படும் அளவில், அரிசியில் புரதம் சராசரியாக 10 சதவீதமும், இரும்பு 8 சதவீதமும், துத்தநாகம் 5 சதவீதமும் குறைந்தன. போலேட் என்ற பி9 வைட்டமின் 30 சதவீதம் குறைந்தது. மூன்று வேளையும் சோற்றையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சாதாரண இழப்பு அல்ல.

தண்ணீர் மட்டும் தாராளமாக இருந்தால் வெப்பத்தைச் சமாளிக்கலாம் அல்லவா?

ஓரளவு. இலை தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்று வறண்டிருந்தால் இது மிக நன்றாக நடக்கும். ஆஸ்திரேலியாவின் ரிவெரினா பகுதி வறண்டது; அங்கே காற்று 35 டிகிரி வாக்கில் இருந்தபோதும் நெற்கதிரின் சூடு காற்றைவிட ஆறேழு டிகிரி குறைவாக இருந்ததை அளந்திருக்கிறார்கள். காற்றில் ஈரப்பதம் அதிகமானால் ஆவியாதல் தடைப்படும். நம் கடலோர மாவட்டங்களில் புழுக்கமான நாட்களில், தண்ணீர் நிற்கும் வயலில்கூட கதிர் அவ்வளவாகக் குளிராது. இதனால்தான் ‘வெப்பநிலை 35 டிகிரிதானே’ என்று விட்டுவிடக் கூடாது. ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சூடு கூடினால் பயிர் சீக்கிரம் முதிர்கிறதே, லாபம்தானே?

நாள் மிச்சமாகும், எடை குறையும். மணி நிரம்ப 30 நாள் கிடைத்த இடத்தில் 25 நாள்தான் கிடைத்தால், ஒளியைப் பிடித்துச் சேர்க்கும் நாட்கள் ஐந்து போய்விட்டன. நிரம்பும் வேகம் கூடினாலும் அந்த இழப்பை முழுக்க ஈடுகட்டாது.

உலக அளவில் எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்களா?

பல வழிகளில் செய்த மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்து 2017இல் ஒரு கணக்கு வெளியானது. உலகச் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் மக்காச்சோளம் 7.4 சதவீதம், கோதுமை 6 சதவீதம், நெல் 3.2 சதவீதம், சோயா 3.1 சதவீதம் குறையும் என்றது. புதிய ரகங்கள், சாகுபடி மாற்றங்கள், கார்பன் டை ஆக்சைடின் பலன் ஆகியவற்றைச் சேர்க்காத கணக்கு இது. சராசரி என்பதால் இடத்துக்கு இடம் நிறைய மாறும்.

சராசரியைவிட ஒரு மோசமான மாதம் என்ன செய்யும் என்பதற்கு 2022 மார்ச் நல்ல உதாரணம். இந்தியாவில் 1901இலிருந்து உள்ள பதிவுகளில் அதுவே மிகச் சூடான மார்ச். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை பால் பிடித்துக்கொண்டிருந்த நேரம். மணிகள் நிரம்பாமல் சுருங்கின. 11 கோடி டன்னுக்கு மேல் வரும் என்று மதிப்பிட்டிருந்த அரசு, மே மாதம் அதை 10.6 கோடி டன்னாகக் குறைத்தது. அதே மாதம் 13ஆம் தேதி கோதுமை ஏற்றுமதிக்குத் தடையும் வந்தது. தண்ணீர் வசதி நிறைந்த மாநிலங்கள் அவை.

அளவு குறையாவிட்டால் கவலையில்லையா?

அரிசியின் தரமும் இருக்கிறது. மணி நிரம்பும் நாட்களில் சூடு அதிகமானால் மாவுச்சத்து நெருக்கமாக அடுக்கப்படுவதில்லை. மணிக்குள் வெள்ளைத் திட்டு விழும். அப்படிப்பட்ட நெல் அறவையில் உடைந்து நொய் அதிகமாகும். ஜப்பானில் நீகாட்டா மாநிலம் கோஷிஹிகாரி அரிசிக்குப் பேர் போனது. 2023இன் கடும் கோடையில் அந்த ரகத்தில் முதல் தரம் பெற்ற அரிசியின் விகிதம் ஒற்றை இலக்கச் சதவீதத்துக்கு இறங்கியது.

தக்காளி, மிளகாய்?

பூ உதிர்வதுதான் முக்கியப் பிரச்சினை. பகல் 35ஐத் தாண்டினாலும், இரவு 21, 22க்குக் கீழே இறங்காவிட்டாலும் தக்காளியில் காய்ப்பிடிப்பு குறையும். நிழல்வலையும் மூடாக்கும் ஓரளவு உதவும்.

அறிவியல் இதற்குத் தீர்வு கண்டுவிட்டதா?

மூன்று வழிகளில் முயற்சி நடக்கிறது. முதலாவது, ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் ரகங்கள். நாகினா 22 என்ற பழைய இந்திய நெல் ரகம் பூக்கும் பருவச் சூட்டை மிக நன்றாகத் தாங்குகிறது. உலகெங்கும் நெல் ஆய்வாளர்கள் அதைப் பெற்றோராகப் பயன்படுத்துகிறார்கள். பழைய விதைகளைக் காப்பாற்றி வைத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

இரண்டாவது, நேரத்தை மாற்றுவது. காட்டு நெல் வகை ஒன்று விடியற்காலையிலேயே பூக்கும். அந்தப் பண்பைச் சாகுபடி நெல்லுக்குக் கொண்டுவந்து, சூடு ஏறும் முன்பே பூத்து முடியும் நெல்லை ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி இது. இரண்டு மணி நேரம் முன்னதாகப் பூத்தாலே சில டிகிரி மிச்சம்.

மூன்றாவது, ஒளிச்சேர்க்கையின் உள் வழியையே திருத்துவது. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகக் குழு, ஒளிச்சுவாசத்துக்குக் குறுக்கு வழி அமைத்த புகையிலைச் செடிகளை வயலில் வளர்த்து, 40 சதவீதம் வரை கூடுதல் எடை கண்டதை 2019இல் அறிவித்தது. உருளைக்கிழங்கிலும் வெப்ப அலை வந்த பருவத்தில் கிழங்கு எடை 30 சதவீதம் கூடியது. இவை மரபணு மாற்றப் பயிர்கள். விவசாயியின் கைக்கு வர இன்னும் காலமாகும். நெல்லையே சி4 பயிராக மாற்றும் முயற்சியும் பல ஆண்டுகளாக நடக்கிறது, அது இன்னும் தொலைவில் இருக்கிறது.

அப்படியானால் இந்தப் பட்டத்தில் விவசாயி என்ன செய்யலாம்?

பூக்கும் நாளை முதலில் முடிவு செய்யுங்கள், பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளுக்கு வாருங்கள். நெல் அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாள் முன்பு பூக்கும். 110 நாள் ரகம் என்றால் விதைத்த 80ஆம் நாள் வாக்கில். திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர் பக்கம் நவரைக்கு டிசம்பர் நடுவில் விதைத்தால் மார்ச் முதல் வாரத்தில் பூக்கும். ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று ஜனவரி நடு வரை தள்ளினால் பூப்பது ஏப்ரல் தொடக்கத்தில். உள் மாவட்டங்களில் அப்போது பகல் 37 டிகிரியைத் தொடுவது சகஜம். ஒரே ரகம், ஒரே வயல், ஒரு மாதத் தாமதம்; இழப்பு அதற்குள் இருக்கிறது. அப்படித் தாமதமாகிவிட்டால் நெல்லுக்குப் பதில் உளுந்தோ எள்ளோ கம்போ போடலாமா என்று யோசிப்பது நல்லது.

எல்லா வயலையும் ஒரே நாளில் ஒரே ரகத்தில் நிரப்ப வேண்டாம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு விதைப்பு, அல்லது வயது வேறுபட்ட இரண்டு ரகம் என்றால் ஒரு வெப்ப அலை முழு விளைச்சலையும் அடிக்காது. பூக்கும் வாரத்தில் வயல் காயவே கூடாது. மின்சாரம் கிடைக்கும் நேரத்தைப் பொறுத்து மாலையில் தண்ணீர் விட்டால் இரவில் வயல் குளிரும். சாம்பல் சத்துக் (பொட்டாசியம்) குறைபாடு உள்ள நிலத்தில் அதைச் சரிசெய்யுங்கள். இலைத்துளை திறந்து மூடுவதே அந்தச் சத்தை நம்பித்தான். வறட்சியையும் வெப்பத்தையும் தாங்க இலைவழியாகத் தெளிக்கும் கரைசல்கள் சில பரிந்துரையில் இருக்கின்றன. அளவையும் பருவத்தையும் அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

சம்பாவுக்கு இந்தக் கவலை கிடையாதுதானே?

பகல் சூட்டைப் பற்றிய கவலை மிகக் குறைவு. சம்பா பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் பூக்கிறது. அப்போது பகல் 30 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அந்த மாதங்களில் விளைச்சலைக் கட்டுப்படுத்துவது மேகமூட்டத்தால் வரும் ஒளிப் பற்றாக்குறையும் பூக்கும்போது பெய்யும் மழையும். ஆனால் மணி நிரம்புவது மார்கழியிலும் தையிலும். அந்தக் குளிர்ந்த இரவுகள் சம்பா நெல்லின் எடைக்கு ஒரு முக்கியக் காரணம். மேகம் மூடிய இரவுகளில் வெப்பநிலை இறங்காது. ஒளியும் குறைவு, இரவும் சூடு என்று இரண்டும் சேர்ந்தால் சம்பாவிலும் மணி எடை குறையும். ஆகவே குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறித்து வைக்கும் பழக்கம் நவரைக்காரர்களைப் போலவே சம்பாக்காரர்களுக்கும் பயன்படும்.